துவர்ப்பிலிருந்து தொடங்குவோம்: பெரிய பெயர் வாங்கிய ஒரு கபெர்னே ஒயினைச் சுவைப்பது எப்படி?

முதல் மடக்கு உள்ளே போனதும் என் வாயிலிருந்து வந்த சொல் "துவர்க்குதே" என்பதுதான். இடம், பிரான்சின் போர்தோ நகரில் வேலை பார்க்கும் நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஏழு பேர் பணம் போட்டு வாங்கிய ஒரே ஒரு பாட்டில், ஷாத்தோ லத்தூர் 1996; அதாவது லத்தூர் என்ற தோட்டத்தில் 1996-இல் விளைந்த திராட்சையில் செய்தது. ஆளுக்கு நூறு மில்லி வரும். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்த ஏழு பேரில் ஒருவர். ஓய்வு பெறும்வரை திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்க, நண்பன் சொல் தேடி, கடைசியில் இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துக் காட்டினான். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறார்" என்றார்.

அன்றிலிருந்து, இந்த வகை ஒயினைப் பற்றி யார் கேட்டாலும் நானும் அங்கேதான் ஆரம்பிக்கிறேன். பழவாசனை, மரவாசனை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கபெர்னே திராட்சையில் செய்த சிவப்பு ஒயினின் முதுகெலும்பு துவர்ப்பு. அது எப்படி இருக்கிறது, எங்கே படிகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கப் பழகிவிட்டால், சாதாரண பாட்டிலுக்கும் பெரிய பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். இதில் தமிழ் நாக்குக்கு ஒரு வசதி உண்டு. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுசுவைக் கணக்கிலேயே இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. பாகற்காய் கசக்கும். வாழைப்பூ, நாவல்பழம், மாதுளைத் தோல், பாக்கு எல்லாம் துவர்க்கும். ஒயின் பழகத் தொடங்கும் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "கசக்கிறது" என்று சொல்லிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

அடுப்படியில் ஒரு சோதனை

ஒயினைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு ஸ்பூன் டீத்தூளைக் கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். வடிகட்டி, சர்க்கரை போடாமல் ஒரு வாய் எடுத்து, ஈறு முழுக்கப் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கு கன்னத்தில் ஒட்டும். பல்லின் மேல் நாக்கை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கும். இப்போது மீதி டீயில் நாலு ஸ்பூன் பால் விட்டு மறுபடி குடியுங்கள். அந்தப் பிடிப்பு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

நடந்தது இதுதான். டீயிலும் திராட்சைத் தோலிலும் விதையிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. அதற்குப் புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும் குணம். நம் எச்சிலில் இருக்கும் சில புரதங்கள்தான் வாயை வழவழப்பாக வைத்திருக்கின்றன. டானின் வந்து அவற்றைப் பிடித்துத் திரட்டிவிடும்போது வழவழப்பு போய்விடுகிறது. அதையே நாம் துவர்ப்பு என்கிறோம். பால் சேர்த்த டீயில், வாயில் இருக்கும் புரதத்துக்கு முன்னாலேயே பால் புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஒரு சோதனை இரண்டு விஷயங்களை விளக்கிவிடும். போர்தோவில் பீப்பாயில் இருக்கும் ஒயினில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலக்கும் பழைய வழக்கம் இன்றும் பல தோட்டங்களில் உண்டு. ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. வெள்ளைக்கருவின் புரதம் முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், ஒயின் தெளியும். இன்னொன்று, இந்த ஒயினை ஏன் ஆட்டுக்கறியோடு சாப்பிடச் சொல்கிறார்கள் என்பது. கறியின் புரதமும் கொழுப்பும் பாலின் வேலையைச் செய்கின்றன.

ஏன் கபெர்னே, ஏன் போயாக்

கபெர்னே சோவிஞ்யோன் என்பது கருநீலத் திராட்சை. பழம் சிறியது, தோல் தடிமன், சதையோடு ஒப்பிட்டால் விதை பெரிது. பழத்தை நசுக்கினால் சாறு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வரும். நிறமும் டானினும் தோலிலும் விதையிலும்தான். அதனால் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டு, வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். பழம் சிறிதாக இருப்பதால் சாற்றுக்குத் தோல் அதிகம், அதனால் துவர்ப்பும் நிறமும் அதிகம். இந்தத் திராட்சை எங்கிருந்து வந்தது என்பது நீண்ட நாள் கேள்வியாக இருந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை செய்து 1997-இல் விடை சொன்னார்கள். கபெர்னே ஃபிரான் என்ற சிவப்புத் திராட்சையும் சோவிஞ்யோன் பிளான் என்ற வெள்ளைத் திராட்சையும் இதன் பெற்றோர். பெயரிலேயே அந்த இரண்டும் இருந்திருக்கின்றன, பாருங்கள்.

கபெர்னே தாமதமாகப் பழுக்கும். பழுக்காமல் பறித்துவிட்டால் ஒயினில் குடைமிளகாய் வாசனை அடிக்கும். அதற்குக் காரணமான பைரசின் என்ற பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். வெயில் பட்டுப் பழம் முற்ற முற்ற அது குறையும். அதனால் கபெர்னேவுக்குச் சூடு தங்கும் நிலம் வேண்டும். பிரான்சின் தென்மேற்கில், போர்தோவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் இருக்கும் போயாக் அப்படிப்பட்ட ஊர்.

அங்கே போய் மண்ணைப் பார்த்தால் விவசாய நிலம் என்றே நம்ப முடியாது. கோழிமுட்டை அளவுக் கூழாங்கற்கள், சரளை, மணல். நம் ஊரில் அப்படி ஒரு வயலைக் காட்டினால் "இதில் என்ன விளையும்" என்று கேட்பார்கள். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கொடி தண்ணீரைத் தேடி வேரைக் கீழே கீழே விடும். பகலில் சூடேறும் கல், பொழுது சாய்ந்த பிறகும் கொடிக்கு வெதுவெதுப்புக் கொடுக்கும். பக்கத்தில் இருக்கும் அகலமான கழிமுகம் குளிர்காலப் பனியின் கடுமையைக் குறைக்கும். நல்ல கொடி ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் என்று, போயாக் அடங்கிய மெடோக் பகுதியில் சொல்வார்கள். லத்தூர் தோட்டத்தின் முதல்தர ஒயின், வீட்டைச் சுற்றியுள்ள 47 ஹெக்டேர் நிலத்திலிருந்து வருகிறது. அங்கிருந்து பார்த்தால் ஆறு கூப்பிடு தூரம்.

முழுக்க முழுக்கக் கபெர்னேவை மட்டும் வைத்து அங்கே ஒயின் செய்வது அபூர்வம். மெர்லோ என்ற இன்னொரு திராட்சையைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். கபெர்னே எலும்பு என்றால் மெர்லோ சதை. சில ஆண்டுகளில் கபெர்னே ஃபிரான், பெத்தீ வெர்தோ ஆகியவையும் சிறு அளவில் சேரும். பிறகு 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டு அளவுக்கு இருக்கும். ஒரு பீப்பாயில் 300 பாட்டில் வரும்.

விலை எங்கிருந்து வருகிறது

1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், போர்தோவின் ஒயின் தரகர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். எந்தத் தோட்டத்து ஒயின் பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அவர்களின் அளவுகோல். ஐந்து படிகள். முதல் படியில் நான்கு பெயர்: லாஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். அந்தப் படியில் அதன்பின் நடந்த ஒரே மாற்றம், 1973-இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. அந்த ஆணையில் கையெழுத்துப் போட்ட விவசாய அமைச்சர், பின்னாளில் பிரான்சின் அதிபரான ஜாக் ஷிராக். இந்த ஐந்தில் லாஃபீத், லத்தூர், மூத்தோன் ஆகிய மூன்றும் போயாக்கில்தான் இருக்கின்றன.

ஆக, விலையை வைத்துப் பட்டியல் வந்தது, பட்டியலை வைத்து விலை நின்றது. இன்று முதல் படி ஒயின் ஒன்றுக்குப் பல நூறு யூரோ கேட்கிறார்கள், நல்ல ஆண்டென்றால் இன்னும் மேலே. ஆண்டுதோறும் புதிய ஓக் பீப்பாய், கையால் பறிப்பு, கொஞ்சம் குறைவாகத் தெரியும் ஒயினை எல்லாம் பிரித்து இரண்டாம் பெயரில் விற்பது என்று செலவு நிஜமாகவே அதிகம்தான். லத்தூரில் அந்த இரண்டாம் ஒயினுக்கு லே ஃபோர் த லத்தூர் என்று பெயர். ஆனாலும் அந்தச் செலவை எல்லாம் கூட்டினாலும் கடை விலையின் பக்கத்தில்கூட வராது என்பது என் கணிப்பு. மீதிக்கு நாம் கொடுப்பது பெயருக்கும் அரிதுக்கும். அதைத் தெரிந்துகொண்டே வாங்கினால் பிறகு மனம் கசக்காது. எங்கள் ஏழு பேரில் யாருக்கும் தனியாக வாங்கும் வசதி இல்லை. சேர்ந்து வாங்கியதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்படிப்பட்ட ஒயினைப் பற்றிப் பேச ஆள் வேண்டும்.

திறப்பதற்கு முன்

வயதான பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைக்க வேண்டும். நண்பன் இரண்டு நாள் முன்பே வைத்துவிட்டிருந்தான். பக்கவாட்டில் படுக்கவைத்த பாட்டிலின் ஓரத்தில் படிந்திருக்கும் வண்டல் அப்போதுதான் அடிக்கு இறங்கும். அந்த வண்டல் கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஆண்டுகள் போகப் போக டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகி, கனம் தாங்காமல் அடியில் படிந்தவை அவை. பாட்டிலுக்குள் மிச்சம் இருப்பது மெருகேறிய துவர்ப்பு.

வெப்பநிலையில் பலர் கோட்டை விடுகிறார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று சொன்னது, கல் சுவர் வைத்த பழைய ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்து. 16-லிருந்து 18 டிகிரி. சென்னை வீட்டு அறை 30 டிகிரியில் இருக்கும்போது அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் ஏறும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ரொம்பக் குளிர்ந்துவிட்டாலும் கெடுதல், துவர்ப்பு கத்திபோலத் தெரியும். விலை உயர்ந்த பாட்டிலை மாதக்கணக்கில் ஹாலில் ஷோகேஸில் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் ஒயின் வெந்துபோகும். வெளிச்சம் படாத இடத்தில் 12, 13 டிகிரியில் படுத்துக் கிடக்க வேண்டியது அது.

தக்கையைப் பிடுங்கியதும் ஈர அட்டைப்பெட்டி நாற்றமோ, மழைக்காலப் பழைய துணி வாடையோ வந்தால் அந்தத் தக்கையில் டிசிஏ என்ற பொருள் உருவாகி ஒயினுக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. சின்ன பாட்டில்தான், ஆனால் ஒயின் இப்படித்தான் போல என்று நினைத்து முழுக்கக் குடித்தேன். நாற்றம் லேசாக இருக்கும்போது பழவாசனையை மட்டும் விழுங்கிவிட்டு ஒயினை மந்தமாக்கும், அதனால் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் வந்தால் கடையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

எங்கள் தக்கை பாதியில் உடைந்தது. 25 ஆண்டுக்கு மேல் ஆன தக்கை, கேக்போல் பொலபொலத்திருந்தது. பெரியவர் நண்பன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள திறப்பானைத் தக்கையின் இரண்டு பக்கமும் சொருகி, ஆட்டி ஆட்டி, திருகிக்கொண்டே மேலே கொண்டுவந்தார். அப்புறம் மொபைல் டார்ச்சைப் போட்டு, பாட்டில் கழுத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்லிவிட்டு, அகலவாய் கண்ணாடிக் குடுவைக்கு ஒரே சீராக ஊற்றினார். கழுத்தில் கரும்புகை மாதிரி வண்டல் தெரிந்த நொடியில் கையை நிறுத்தினார். அடியில் ஒரு மடக்கு மிஞ்சியது. இதே வேலையை இளம் ஒயினுக்கும் செய்வார்கள், அங்கே நோக்கம் வேறு. காற்றுப் பட்டால் இறுக்கம் தளரும் என்பதால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே ஊற்றி வைப்பது. கிழட்டு ஒயினை அவ்வளவு நேரம் காற்றில் விட்டால் வாசனை பறந்துவிடும். எங்களுடையது குடுவையில் அரை மணி இருந்தது.

கண், மூக்கு

கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். இளம் கபெர்னே நாவல்பழச் சாறு மாதிரி ஓரம்வரை ஊதா. வயதாக ஆக, நடுவில் கருஞ்சிவப்பாக இருந்தாலும் ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறும். எங்கள் கோப்பையின் ஓரத்தில், பழைய ஓட்டுக் கூரையின் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் இருந்தது. கோப்பையைச் சுழற்றினால் உட்சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி தரத்தைச் சொல்பவர்கள் உண்டு. அது ஆல்கஹால் அளவைப் பற்றித்தான் சொல்லும், தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மூக்குக்கு வருவோம். கோப்பையில் கால் பாகத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். மேலே இருக்கும் காலி இடம்தான் வாசனைக்கு வீடு. முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். அப்புறம் சுழற்றிவிட்டு இன்னொருமுறை. நீளமாக இழுக்க வேண்டாம், சின்னச் சின்னதாக. மூக்கு சீக்கிரம் களைத்துவிடும், இடையில் கோப்பையை விலக்கி வையுங்கள்.

இளம் போயாக்கில் முன்னால் வந்து நிற்பது கருந்திராட்சை வத்தலுக்கும் நாவலுக்கும் நடுவே ஒரு பழவாசனை. அதைப் பிளாக் கரன்ட் என்பார்கள். பழத்தைப் பார்த்திராதவர்களுக்கும் அந்த ஐஸ்கிரீம் தெரியும். சர்க்கரையைக் கழித்துவிட்டு அதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது மரம் தரும் வாசனை. ஓக் பலகையிலேயே வனிலா வாசனைப் பொருளும் கிராம்பில் இருக்கும் யூஜினாலும் உண்டு. பீப்பாயின் உள்புறத்தைத் தீயில் வாட்டுவதால் காப்பிக்கொட்டை வறுத்த வாடையும் வரலாம். அப்புறம் சீவிய பென்சில். போயாக் ஒயின் என்றாலே எல்லோரும் சொல்வது அந்த வாசனையைத்தான். பரீட்சை நாள் காலையில் பென்சில் பெட்டியைத் திறந்ததும் வருமே, மரத்தூளும் கரியும் கலந்து, அதேதான். எனக்கு அது கிடைத்த நிமிடத்தில், இதுவரை வெறும் சொற்களாக இருந்தவை எல்லாம் ஒரே அடியில் நம்பக்கூடியவையாக மாறிவிட்டன.

வயது தரும் வாசனை கடைசியாக வரும். புகையிலை, தோல்பை, மழைக்குப் பின் காய்ந்த இலைக் குவியல், காளான். ஊற்றிய உடனே எங்கள் கோப்பையில் பழம்தான் இருந்தது, அதுவும் ஒதுங்கி நின்றது. இருபது நிமிடம் கழித்துப் புகையிலை வந்தது. முக்கால் மணி கழித்து அக்ரூட் பருப்பின் தோல் மாதிரி ஒன்று. ஒரே திரவம் ஒரே கோப்பையில் இருந்தபடி இத்தனை முறை வேடம் மாற்றுவது மலிவான ஒயினில் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால் உங்கள் பங்கு நூறு மில்லி என்றால் அதை ஒரு மணி நேரத்துக்கு வைத்திருங்கள். யார் என்ன வாசனை சொன்னாலும் உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல வேண்டாம். அந்த மேசையில் ஒருவருக்குத் தாத்தாவின் மரப்பீரோ ஞாபகம் வந்தது. அதைவிடத் துல்லியமான சொல் அன்று யாரும் சொல்லவில்லை.

வாய்

ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். எடுத்ததும் விழுங்காமல், ஈறு, கன்னம், நாக்கின் அடி எல்லா இடத்துக்கும் கொண்டு போங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள், சூடான ரசத்தை உறிஞ்சுவதுபோல் சத்தம் வரும், பரவாயில்லை. வாசனை தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். தொழில்முறையாகச் சுவைப்பவர்கள் இதற்குப் பிறகு துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் நாற்பது ஐம்பது ஒயின் பார்ப்பவர்களுக்கு வேறு வழி இல்லை.

விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு கவனியுங்கள். நாக்கின் அடியில் எச்சில் ஊறினால் அது புளிப்பின் வேலை. ஈறும் கன்னமும் வறண்டால் அது துவர்ப்பின் வேலை. தொண்டையில் சுட்டால் ஆல்கஹால். ஒரு நல்ல ஒயினில் ஊறுவதும் வறள்வதும் சேர்ந்தே நடக்கும், ஒன்று மற்றதை மிஞ்சாது. எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் முதலில் புளிப்பையும் துவர்ப்பையும் பிரிக்கத் தெரியாமல் இருந்தார்கள். இந்த ஒரு வழியைச் சொன்னதும் பிடிபட்டுவிட்டது.

இனி துவர்ப்பின் நயம். அதை நான் விரல் நுனியில் தொடுவதுபோல் நினைத்துக்கொள்கிறேன். பழுக்காத பழத்திலிருந்தோ, விதையைப் போட்டு நசுக்கியதிலிருந்தோ வந்த டானின் உப்புத்தாள் மாதிரி பல் ஓரத்தில் கீறும், பச்சையாக இருக்கும். இளம் முதல்படி ஒயினில் டானின் ஏராளம், ஆனால் பொடிசு. வாய் முழுக்கக் கெட்டியாகச் சுவர் எழுப்பிவிடும், எங்கும் கீறாது. பிடிக்காமல் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அப்படி ஒன்றை வாங்கி அன்றே திறந்துவிட்டு ஏமாந்தவர்கள் அதிகம். பதினைந்து இருபது ஆண்டு போனால் அதே டானின், கல்லில் உரைத்த சந்தனம் மாதிரி ஆகிவிடுகிறது. துகள் இருப்பது தெரியும், ஆனால் ஒரு துகளைத் தனியாகப் பிடிக்க முடியாது. எங்கள் 1996 அந்த நிலையில் இருந்தது. நான் "துவர்க்குதே" என்று சொன்னது முதல் நொடியில். அடுத்த சில நொடியில் துவர்ப்பு எங்கேயும் போகவில்லை, ஆனால் வழவழப்பாக மாறி வாய் முழுக்கப் பரவியது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும் அல்லவா, அந்த மாதிரி ஒரு திருப்பம்.

கடைசியாக நீளம். விழுங்கிய பிறகு சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சில் இதற்குக் கோதாலி என்று ஓர் அலகே உண்டு, ஒரு கோதாலி ஒரு நொடி. நிற்பது பழச் சுவையா, வெறும் கசப்பும் சூடுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாங்கள் மேசையில் விரலால் தட்டி எண்ணினோம். முப்பதைத் தாண்டியதும் நண்பனின் மனைவி, "எனக்கு இன்னும் இருக்கு" என்றார். எனக்கும் இருந்தது.

பாட்டிலை மறைத்துவிடுங்கள்

பெயர் தெரிந்தால் நாக்கு சொன்னபடி ஆடும். 2001-இல் போர்தோ ஆய்வாளர்கள் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே கண் இப்படிச் செய்யும் என்றால் விலைச்சீட்டு நம்மை என்ன செய்யாது? 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி நடத்திய சோதனை இன்னும் பெயர் பெற்றது. பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். சிவப்பில் முதலிடம் போனது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கபெர்னேவுக்கு. மூத்தோன் 1970 இரண்டாவது.

இதைப் படித்துவிட்டு எல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நடுவர்கள் நல்ல ஒயினைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அது எங்கே விளைந்தது என்பது மட்டும்தான் அவர்கள் எதிர்பார்க்காதது. நாம் செய்யக்கூடியது எளிது. இரண்டு மூன்று கபெர்னே பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டு, வீட்டில் ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். துவர்ப்பு எங்கே படிகிறது, எப்படிப்பட்ட துகள், எத்தனை நொடி என்று மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். மெடோக்கின் விலை குறைந்த ஒயின்கள் இதற்குப் போதும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு, பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடிவாரத்தில் விளைந்த கபெர்னே-ஷிராஸ் கலவையான, குரோவர் நிறுவனத்தின் லா ரிசெர்வ் இருக்கிறது. போர்தோவின் ஒயின் வல்லுநர் மிஷேல் ரொலான் அந்தத் தோட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவர். நாக்கு பழகிய பிறகு, போயாக்கின் ஐந்தாம் படித் தோட்டங்களான லின்ஷ்-பாஜ், போந்தே-கனே பக்கம் போகலாம். முதல் படியின் விலையில் ஒரு சிறு பங்குதான், ஆனால் அதே கூழாங்கல், அதே ஆறு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை போயாக்கில் போயாக் ஆட்டுக்குட்டிக் கறிதான் ஜோடி. நண்பன் உப்பும் பூண்டும் மட்டும் போட்டு அடுப்பில் வாட்டியிருந்தான். கறியில் ஒரு துண்டு, ஒயினில் ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிப் போனபோது அந்தப் பால் டீ சோதனைதான் ஞாபகம் வந்தது. மிளகாய் தூக்கலான குழம்போடு மட்டும் இதைக் குடிக்காதீர்கள். காரத்தை ஆல்கஹால் ஏற்றிவிடும், காரம் துவர்ப்பை ஏற்றிவிடும், இரண்டும் கெட்டுவிடும்.

அன்று எல்லாம் முடிந்து பாத்திரங்களை எடுக்கும்போது, பெரியவர் கோப்பைகளை மட்டும் கழுவ வேண்டாம் என்றார். அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தோம். காலையில் காப்பி போடுவதற்கு முன் என் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். அடியில் ஒரு சொட்டு காய்ந்து செங்கல் நிறத்தில் ஒட்டியிருந்தது. பழம் இல்லை, ஆல்கஹால் இல்லை. சீவிய பென்சிலும் புகையிலையும் மட்டும், நேற்றிரவைவிடத் தெளிவாக.